மேரி ரோஸ்: எலும்புகளைப் பார்க்கப் போர்ட்ஸ்மவுத் போனோம்

பாதி வழியில் ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தில் வேலை நடக்கிறது, மிச்ச தூரத்துக்கு பஸ் என்று இறக்கிவிட்டார்கள். இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் இது சகஜமாம். டிக்கெட் காசில் மட்டும் ஒரு பென்னி குறையாது. பஸ்ஸில் ஹீட்டர் அனலாய் அடிக்கிறது, ஜன்னலைத் திறக்க வழியில்லை, பின்சீட்டில் ஒரு குழந்தை வாந்தி. இறங்கியதும் ஏறிய டாக்சிக்காரர், நடந்தே போகக்கூடிய தூரத்துக்கு ஊரைச் சுற்றிக் காட்டி 14 பவுண்டு பிடுங்கினார். ரூபாயில் கணக்குப் போட்டபோது வயிறு எரிந்தது. மேரி ரோஸ் மியூசியத்தின் டிக்கெட்டும் மலிவில்லை. ஆனால் அந்தக் காசு ஒவ்வொன்றும் தகும்.

மேரி ரோஸ் இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பல். 1545 ஜூலை 19 அன்று பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை நடக்கும்போதே, ராஜா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, மூழ்கிப்போனது. எதிரி ஏறிவிடாமல் மேல்தளத்தில் கட்டியிருந்த வலையில் சொந்த ஆட்களே மாட்டிக்கொண்டார்கள். கிட்டத்தட்ட 500 பேரில் தப்பியவர்கள் 35 பேர்கூட இல்லை. கடலடிச் சேறு காற்றுப் படாமல் மூடிக்கொண்டதால் மரமும் எலும்பும் கெடவில்லை. 1982-ல் கப்பலைத் தூக்கினார்கள். குறைந்தது 179 பேரின் எலும்புகள் கிடைத்தன. பெரும்பாலும் முப்பது வயதைத் தொடாத பையன்கள்.

நான் நகராமல் நின்றது தோள்பட்டை எலும்புக்காகத்தான். அதன் நுனியில் ஒரு சின்னத் துண்டு உண்டு. வளரும் வயதில் தனியாக இருக்கும் அது, இருபதைத் தாண்டும்போது மற்ற எலும்போடு ஒட்டிவிட வேண்டும். இந்தக் கப்பலில் வழக்கத்தைவிட அதிகம் பேருக்கு அது ஒட்டவே இல்லை. எலும்புகளை ஆராய்ந்த ஆன் ஸ்டர்லாண்ட் இதற்கு அம்பு எய்யும் பழக்கத்தைத்தான் காரணமாகச் சொன்னார். சின்னப் பையனாக இருக்கும்போதே கனமான வில்லை இழுத்துப் பழகியதில், தசை அந்தத் துண்டை ஒட்டவிடாமல் வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அங்கே வைத்திருக்கும் வில்களை வளைக்கவே 45 கிலோவுக்கு மேல் பலம் வேண்டும். பெயர்கூடத் தெரியாத ஒருவன் என்ன வேலை செய்து வளர்ந்தான் என்பதைத் தோளே சொல்லிவிடுகிறது. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

உயரத்தைத் தொடை எலும்பு மாதிரியான நீள எலும்புகளை அளந்து கணக்கிடுகிறார்கள். சராசரி ஏறக்குறைய 170 செ.மீ., அதாவது 5 அடி 7 அங்குலம். அந்தக் காலத்து ஆட்கள் எல்லாம் குள்ளம் என்று பேசுகிறவர்களை இங்கே கூட்டிவர வேண்டும். அதற்காக எல்லாரும் கொழுகொழுவென்று வளர்ந்தவர்கள் என்றும் நினைக்க வேண்டாம். சிலருக்குக் கால் எலும்பு வளைந்து, பிறகு ஆறியிருக்கிறது. குழந்தையில் வைட்டமின் டி குறைந்து எலும்பு மெலியும் ரிக்கெட்ஸ் வந்த அடையாளம் அது. வைட்டமின் சி கிடைக்காமல் வரும் ஸ்கர்வியின் தடமும் உண்டு. இருபது வயசுப் பையன்களின் முதுகெலும்பில் பாரம் தூக்கிய தேய்மானம்! கனமான பீரங்கிகளோடு மல்லுக்கட்டியவர்களாக இருக்கலாம் என்கிறார்கள். 2024-ல் வந்த ஓர் ஆய்வில் 12 பேரின் காறை எலும்பை (கழுத்தடியிலிருந்து தோளுக்குப் போவது) மட்டும் எடுத்துப் பார்த்து, வயது ஏற ஏற வலப்பக்கத்து எலும்பின் வேதியியல் இடப்பக்கத்தைவிட அதிகம் மாறுவதைக் கண்டிருக்கிறார்கள். வலக்கைப் பழக்கம் அதற்குக் காரணமாக இருக்கலாமாம்.

கப்பலில் எலி பிடிக்க இருந்த நாயின் கிட்டத்தட்ட முழு எலும்புக்கூட்டையும் விட்டுவிடாதீர்கள். குழந்தைகள் அங்கேயேதான் நிற்கிறார்கள். உள்ளே வெளிச்சம் குறைவு, குளிரும் அதிகம், ஸ்வெட்டர் கட்டாயம்.

எப்படிப் போவது என்று எழுதத்தானே உட்கார்ந்தேன்: லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனிலிருந்து நேரடி ரயில் உண்டு, வார நாளில் போங்கள். துறைமுக ஸ்டேஷன் வரை வந்துவிட்டால் டாக்சியே வேண்டாம், மியூசியம் இருக்கும் கப்பல் கட்டும் தளம் கூப்பிடு தூரம். சாப்பாட்டை உள்ளே வாங்காமல் சவுத்ஸீ கடற்கரைப் பக்கம் நடந்துவிடுங்கள். ஒரு சின்னக் கடையில் மீன் வறுவலும் சிப்ஸும் வாங்கினோம். மேல்மாவு மொறுமொறு, உள்ளே மீன் ஆவி பறக்க வெள்ளை வெளேர், மேலே வினிகர். ஒரு பொட்டலம் இரண்டு பேருக்குத் தாராளம். கடற்பறவைகள் கையிலிருந்தே கொத்திக்கொண்டு போகும், சுவரை ஒட்டி உட்கார்ந்து சாப்பிடுங்கள்.