ஈரல் வேகவைக்கும் சனிக்கிழமைகள்

போன ஜனவரியில் எங்கள் நாய் வளர்ப்போர் கிளப்பின் ஆண்டு விழா. 12 நாய்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, வாரைத் தரையில் போட்டுவிட்டு வளர்ப்பவர்கள் 20 அடி தள்ளிப் போய் நின்றார்கள். 2 நிமிடம் நாய் எழுந்திருக்கக் கூடாது. ஒன்றரை நிமிடம் போயிருக்கும், பந்தல் காலில் கட்டியிருந்த பலூன் ஒன்று படாரென்று வெடித்தது. மணி என்கிற நாட்டு நாயின் காது இரண்டும் பின்னால் படிந்தன. முன்னங்கால் ஒன்று தரையைவிட்டு லேசாக எழும்பியது. எதிரே நின்ற ஆத்தா பதறவில்லை. "இருடா மணி" என்றார், வீட்டுத் திண்ணையில் சொல்கிற அதே குரலில். கால் கீழே இறங்கியது. கூட்டம் கை தட்டியது.

மைக்கில் இருந்தவர், "பாருங்க, நாட்டு நாய்க்குப் பொறவியிலயே புத்தி" என்றார். அப்புறம் நன்றியுரை. பந்தல் போட்டவர், மைக் செட், கால்நடை மருத்துவர், கோப்பை வாங்கிக் கொடுத்தவர், மைதானம் தந்த பள்ளிக்கூடம், டீ கொண்டுவந்த பையன் வரை எல்லோர் பேரும் வந்தது. பயிற்சி என்கிற வார்த்தை மட்டும் வரவில்லை.

நான் கோயம்புத்தூரில் 6 வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலை கீழ்ப்படிதல் வகுப்பு எடுக்கிறேன். வார நாளில் வேறு வேலை. இதற்குச் சம்பளம் கிடையாது, நான் கேட்டதும் கிடையாது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, நாய்களுக்குக் கொடுத்து மிச்சமிருந்த ஈரல் டப்பாவைக் கழுவும்போதுதான் தொண்டை அடைத்தது. பேர் சொல்லவில்லை என்பதற்கா அழுகிறேன் என்று எனக்கே புரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த வருஷம் முழுக்க ஒன்றொன்றாகச் செய்து பார்த்தேன்.

முதலில் அந்த "இருடா" எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். மணி தெருவில் கிடந்த குட்டி. பேரன் எடுத்துவந்து வளர்த்தான், பெங்களூருவில் வேலை கிடைத்துப் போய்விட்டான். 70 வயதுக்கு மேலான ஆத்தாவும் மணியும் வீட்டில் மிச்சம். தீபாவளிக்கு மணி இரண்டு நாள் கட்டிலடியைவிட்டு வரவில்லை, சோறும் தொடவில்லை. மறு வாரம் வகுப்புக்குக் கூட்டிவந்தார்கள். போட்டிக்குப் போகிற நாய்களுக்கு ஆங்கிலத்தில்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஆத்தாவுக்கு 'ஸ்டே' வாயில் வரவில்லை. நாய்க்கு மொழி ஒன்றும் இல்லை, ஒரே ஒலி, ஒரே தொனி, அதற்குப் பின்னால் ஒரே பலன், அவ்வளவுதான். "நீங்க வீட்டுல எப்படிச் சொல்லுவீங்களோ அப்படியே சொல்லுங்க ஆத்தா" என்றேன். 'இருடா' அப்படி வந்தது.

காத்திருக்கப் பழக்குவதில் மூன்று விஷயம் இருக்கிறது. எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், சுற்றிலும் எவ்வளவு தொந்தரவு. மூன்றையும் ஒரே சமயத்தில் ஏற்றினால் நாய் தோற்றுவிடும். ஒன்றை ஏற்றினால் மற்ற இரண்டையும் இறக்க வேண்டும். மணி முதல் வாரம் 3 விநாடி உட்கார்ந்தது. ஆத்தா ஒரு அடி பின்னால் வைத்தபோது எழுந்துவிட்டது. சரி, அரை அடி என்று குறைத்தோம். வெடிச் சத்தத்துக்கு போனில் பதிந்துவைத்த பட்டாசு ஒலியைக் காதுக்கு எட்டியும் எட்டாத அளவில் வைத்து, ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு துண்டு ஈரல். மணி வாய் மூடி, இறுகி நின்றால் சத்தம் அதிகம் என்று அர்த்தம், உடனே குறைக்க வேண்டும். கார்த்திகைத் தீபத்துக்குத் தெருப்பிள்ளைகள் மிச்சப் பட்டாசை வெடித்தபோது மணி ஆத்தா காலடியில் வந்து உட்கார்ந்து, ஈரலுக்காக அண்ணாந்து பார்த்ததாம். ஆத்தா அன்றைக்கே போன் செய்து சொன்னார்.

இத்தனையும் சேர்ந்ததுதான் அந்தக் கால் கீழே இறங்கியது. நல்ல பயிற்சி கிடைத்த நாயைப் பார்த்தால் அது என்றைக்குமே இப்படித்தான் இருந்தது என்று தோன்றும். இந்த வேலையின் குணமே அதுதான். அது தெரிந்திருந்தும் வலித்தது.

முதலில் செய்து பார்த்தது, சொல்லாமல் நின்றுபோவது. பிப்ரவரியில் மூன்று ஞாயிறு போகவில்லை. வேலை அதிகம் என்று மட்டும் குழுவில் ஒரு வரி போட்டேன். யாராவது கேட்பார்கள் என்று மனசு போனையே பார்த்துக்கொண்டிருந்தது. கமிட்டியிலிருந்து ஒருவரும் கூப்பிடவில்லை. வகுப்பு நடக்கவில்லை. ஒரு லாப்ரடார் குட்டி மூன்று வாரத்தில் மறுபடி ஆள்மேல் தாவ ஆரம்பித்துவிட்டதாக அதை வளர்க்கும் பெண் எழுதியிருந்தாள். எனக்கு என்ன வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்லவே இல்லை, பிறகு எப்படித் தெரியும்? நாயிடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்று காட்டாமலே தீனியை நிறுத்தினால் அது குழம்பும் என்று வகுப்பில் வாரா வாரம் சொல்கிறவள் நான். இந்த வழி சரியில்லை. இன்னொரு முறை செய்ய மாட்டேன்.

ஆனால் அந்த மூன்று வாரத்தில் ஒன்று நடந்தது. எனக்கு முன்னால் இந்த வகுப்பை நடத்தியவர், எனக்குக் கற்றுக்கொடுத்த அக்கா, 4 வருஷத்துக்கு முன்னால் வருவதை நிறுத்திவிட்டார். முழங்கால் வலி என்று கேள்விப்பட்டேன், நம்பிவிட்டேன். இப்போது சந்தேகம் வந்து கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் நாய்களைப் பற்றியே பேசினார். அப்புறம், "முழங்கால் வலி நெசந்தான் கண்ணு. ஆனா ஏன் வரலைன்னு இந்த நாலு வருசத்துல நீதான் மொதல்ல கேக்கற" என்றார். போனை வைத்த பிறகு வெகுநேரம் எதுவும் செய்ய முடியவில்லை. அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனேன். இப்போது மாதம் ஒரு தரம் போகிறேன். குரைக்கிற நாய்களைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதிகூட எனக்கு இன்னும் தெரியாது.

மார்ச்சில் ஒரு நோட்டுப் போட்டேன். இதற்குச் செலவாகும் நேரத்தை 4 வாரம் அப்படியே எழுதினேன். ஞாயிறு வகுப்பு 2 மணி நேரம். வண்டியில் போக வர 40 நிமிடம். கூம்பு அடுக்க, கயிறு கட்ட, மைதானத்தில் கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்று நடந்து பார்க்க அரை மணி. சனிக்கிழமை ராத்திரி தீனி தயாரிக்க ஒரு மணி. போன் பேச்சு மட்டும் வாரத்துக்கு 2 மணி 40 நிமிடம். கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 7 மணி நேரம். நானே 2 மணி நேரம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தீனி பற்றிப் பலர் கேட்கிறார்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோழி ஈரல் அரைக் கிலோ, எலும்பில்லாத நெஞ்சுக் கறி அரைக் கிலோ. உப்பு, மசாலா எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. வேகவைத்து, ஆறவைத்து, பட்டாணி அளவுக்கு நறுக்கி, எண்ணெய் இல்லாத தோசைக்கல்லில் ஈரம் போகும்வரை பிரட்டினால் கையில் ஒட்டாது. வெறும் ஈரலையே நிறையக் கொடுத்தால் வயிறு இளகும், அதனால்தான் பாதிப் பாதி. என் கணக்கில் வாரத்துக்குச் சுமார் 300 ரூபாய், 8 வார வகுப்புக்கு 2,400. அதுவரை என் கையிலிருந்துதான் போனது.

நோட்டைப் பார்த்ததும் போனுக்கு ஒரு எல்லை வைத்தேன். புதனும் வெள்ளியும் மாலை 7 முதல் 8 வரை மட்டும் நாய் சம்பந்தமான அழைப்பு. நாய் கடித்துவிட்டது, நாய்க்கு வலிப்பு மாதிரி அவசரம் என்றால் என்னைக் கூப்பிடாமல் நேராக மருத்துவரிடம் போங்கள் என்று எழுதிப் போட்டேன். முதல் 10 நாள் அழைப்பு குறையவில்லை, இரண்டு மடங்கானது. ராத்திரி 11 மணிக்குக்கூட. 1930களில் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் எலிகளை வைத்துச் செய்த சோதனைகளில் பார்த்தது இதுதான். நெம்புகோலை அழுத்தினால் தீனி வரும் என்று பழகிய எலிக்குத் தீனியை நிறுத்தினால், உடனே விட்டுவிடாது, முதலில் இன்னும் வேகமாக அழுத்தும். குரைத்துக் கேட்கும் நாய்க்கும் அப்படித்தான். நடுவில் ஒரு தரம் இரங்கிவிட்டால் அந்தப் பழக்கம் முன்னைவிட இறுகிவிடும். மூன்றாவது வாரம் அமைதியானது. இது நன்றாக வேலை செய்தது, தன்னார்வமாக எதைச் செய்கிறவர்களுக்கும் தயங்காமல் சொல்வேன்.

ஏப்ரலில் வகுப்பு நேரத்தை 6.30இலிருந்து 8 மணிக்கு மாற்றியிருப்பதாகக் குழுவில் அறிவிப்பு வந்தது. எல்லோரோடும் சேர்த்து அங்கேதான் நானும் படித்தேன். அந்த நிமிஷம் ஜனவரி அழுகைக்குக் காரணம் பிடிபட்டது. பேர் சொல்லாதது சின்ன விஷயம். என் வகுப்பைப் பற்றி என்னைக் கேட்காமலே எல்லாம் முடிவாகிறது, எனக்கு வலித்தது அதுதான். இதற்கு முன்னாலும் நடந்திருக்கிறது. கமிட்டியில் ஒருவர் என் வகுப்பு நடுவிலேயே வந்து, புதிதாக வந்தவர்களின் நாய்க்கு, இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலியை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்.

இந்தத் தடவை ஒதுங்கவில்லை. செயலாளர் அண்ணாவை அவர் கடையிலேயே போய்ப் பார்த்தேன். ஒரு தாளில் மூன்று வரி எழுதிக்கொண்டு போனேன். பேசும்போது குரல் உடையும் என்று தெரியும், அதனால்தான் தாள்.

நேரத்தைப் பற்றி முதலில் பேசினேன். நாய் வேர்ப்பது பாதத்தில் மட்டும்தான், உடம்புச் சூடு இறங்குவது பெரும்பாலும் மூச்சிரைப்பில்தான். பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்கள் அதிலும் திணறும். எங்கள் மைதானத்தில் பாதி சிமெண்டுத் தளம். புறங்கையை 7 விநாடி வைக்க முடியாத தரையில் நாயை நடத்தக் கூடாது. ஏப்ரலில் 9 மணிக்கு அந்தத் தளத்தில் வைத்துப் பார்த்தேன், 4 விநாடிக்குமேல் முடியவில்லை. அண்ணா, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே அம்மணி" என்றார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேங்கண்ணா" என்றேன். அதற்குமேல் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. கடைப் பையன் டீ வாங்கிவந்தான்.

இரண்டாவது, தீனிச் செலவு கிளப் கணக்கில் வரவேண்டும். மூன்றாவது, வகுப்பு சம்பந்தமாக எதை மாற்றினாலும் முதலில் என்னைக் கேட்க வேண்டும், சங்கிலி உட்பட. நாய்ப் பயிற்சிக்குப் பரிசு வழிதான் நல்லது, வலியும் பயமும் தரும் முறைகள் வேண்டாம் என்று அமெரிக்காவின் விலங்கு நடத்தை கால்நடை மருத்துவர் சங்கம் 2021இல் வெளியிட்ட அறிக்கையையும் அச்செடுத்துக் கொடுத்தேன்.

முதல் இரண்டும் அந்த வாரமே நடந்தன. நேரம் 6.30க்கே திரும்பியது, ஏப்ரல், மே இரண்டு மாதமும் 8 மணிக்கு முன்னால் முடித்துவிடுவது என்றும் ஆனது. மூன்றாவதுக்கு, "பார்க்கலாம்" என்றார். சங்கிலிக்காரர் என் வகுப்புப் பக்கம் இப்போது வருவதில்லை, ஆனால் வாசலில் வைத்து இன்னும் விற்கிறார். அது எனக்குத் தீராத விஷயம், விடப்போவதில்லை.

ஜூன் வகுப்பிலிருந்து கல்லூரி படிக்கும் ஒரு தம்பி கூட நிற்கிறான். அவன் நாய் என்னிடம்தான் படித்தது. பக்கத்தில் ஒட்டி நடக்கப் பழக்குவது இப்போது முழுக்க அவன் பொறுப்பு. ஒவ்வொரு ஞாயிறும் வகுப்பு முடியும்போது, இன்றைக்கு எந்த நாய் அவனால் எதைக் கற்றது என்று எல்லோர் முன்னாலும் பேர் சொல்லிச் சொல்கிறேன். முதல் வாரம் அவன் காது சிவந்துவிட்டது. இரண்டாவது வாரம் 6 மணிக்கே வந்து கூம்பெல்லாம் அடுக்கி வைத்திருந்தான்.

அக்டோபர். தீபாவளிக்கு முந்தின வகுப்பு, வெடிச் சத்தம் பழக்க வேண்டும், மழையோ விடாமல் பெய்கிறது. சனிக்கிழமை ராத்திரி ஈரலை இறக்கிவைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. செயலாளர் அண்ணா.

"அம்மணி, கிரவுண்டு பூரா சேறுங்க. நாளைக்கு வகுப்ப என்ன பண்ணலாம்? நீங்க சொல்லுங்க."

கரண்டியைக் கீழே வைத்தேன். "பள்ளிக்கூட ஹால்ல வச்சுக்கலாங்கண்ணா. தரை வழுக்கும், நாலஞ்சு ஜமுக்காளம் வேணும். ஹால்ல சத்தம் எதிரொலிக்கும், அதனால ஸ்பீக்கர் வேண்டாம், போன்லயே வச்சுக்கறேன். ஒரு தடவைக்கு ஆறு நாய்தான். மணிய மொத செட்டுல போட்டுருங்க, ஆத்தா மழையில காத்திருக்க வேண்டாம்."

"சரிங்க அம்மணி. ஜமுக்காளம் நான் கொண்டாறேன்."