கேஷுவாலிட்டியில் எந்தக் காத்திருப்பு நியாயம்?

"நாங்கதான சார் முதல்ல வந்தோம்?" கேஷுவாலிட்டி, அதாவது அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் ஓயாமல் கேட்கும் குரல் இது. அங்கே டோக்கன் வரிசை கிடையாது. நுழைந்ததும் டிரையாஜ் நர்ஸ், அதாவது யாருக்கு அவசரம் என்று தரம் பிரிப்பவர், மூச்சு, நாடி, பிரஷர், ஆக்சிஜன் அளவு, நினைவு எல்லாம் பார்த்து நிறம் பிரிப்பார். சிவப்பு என்றால் உயிராபத்து, மஞ்சள் என்றால் அவசரம்தான், ஆனால் கொஞ்சம் பொறுக்கலாம், பச்சை என்றால் லேசானது. சிவப்பு நேராக உள்ளே போய்விடும். கால் சுளுக்கிய பச்சைக்காரர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதில் அநியாயம் எதுவும் இல்லை.

அநியாயம் நடப்பது மஞ்சளில். ஒரு தடவை நிறம் குறித்துவிட்டால், கூட்டத்தில் மறுபடி பார்க்க ஆளில்லாமல் போகும். நாற்காலிகளைத் தூணுக்குப் பின்னால், நர்ஸ் மேஜைக்குத் தெரியாத மூலையில் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். வியர்த்துக் கொட்டினாலோ, பேச்சு குழறினாலோ, கண் சொக்கினாலோ எழுந்துபோய், "வந்தப்ப இப்படி இல்ல, இப்ப மாறிடுச்சு" என்று சொல்லுங்கள். "ரொம்ப நேரமா உட்கார்ந்திருக்கோம்" என்பதைவிட அந்த "மாறிடுச்சு"க்குத்தான் அங்கே மதிப்பு.

நெஞ்சுவலி என்றால் 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும், எடுக்காவிட்டால் கேளுங்கள். முதல் இ.சி.ஜி. நார்மல் என்று வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். மாரடைப்பு அதில் தெரியாமலும் போகலாம்.

பக்கவாதத்துக்கு, அடைப்பைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். கணக்கு, நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து. காலை 6 மணிக்கு எழும்போதே வாய் கோணியிருந்தால், ராத்திரி எத்தனை மணி வரை நன்றாகப் பேசினார் என்று சொல்லுங்கள். காபி, தண்ணீர் புகட்ட வேண்டாம். விழுங்கத் தெரியாமல் நுரையீரலுக்குள் போய்விடும்.

பாம்புக்கடியில்தான் சண்டை அதிகம். "ரத்தம் எடுத்தாங்க, அப்புறம் யாரும் ஒண்ணும் பண்ணல" என்பார்கள். அந்த 20 நிமிடமும் பரிசோதனைதான். 2 மி.லி. ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்து நின்றால் சரி. தண்ணியாக ஓடினால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றின் விஷம் ரத்தத்தில் வேலையைத் தொடங்கிவிட்டது, விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். கண்ணாடி பட்டால்தான் உறைதல் ஒழுங்காகத் தூண்டப்படும்; பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலோ நல்ல ரத்தமும் உறையாமல் ஏமாற்றும். இன்னொன்று: நல்ல பாம்பு, கட்டுவிரியன் கடியில் விஷம் நரம்பைத்தான் தாக்கும், ரத்தம் ஒழுங்காகவே உறையும். இமை சொருகுகிறதா என்று நீங்களும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

விபத்து என்றால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு உண்டு. அதற்காகவோ போலீசுக்காகவோ சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை, குறிப்பிட்ட செலவு வரம்பு வரை, இலவசம்; திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் உண்டு, வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. ஏ.ஆர். எழுதும்போது பக்கத்தில் நின்று நேரம், இடம், வலதா இடதா என்று சரிபாருங்கள். பைக் மோதியதைப் பதற்றத்தில் "கீழ விழுந்துட்டார்" என்று சொல்லிவிட்டால் அப்படியே எழுதிவிடுவார்கள். இழப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.