எதிர்வீட்டுக்குள் அடித்தால் அவுட்

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய கோல்ஃப் மைதானத்தின் 17ஆம் குழியில், "அந்தக் கொட்டகைச் சுவரின் எழுத்துகளுக்கு மேலாக அடியுங்கள்" என்று, கோல்ஃப் பையைச் சுமந்து வழிசொல்லும் 'கேடி'யாக வந்த பெரியவர் ஓட்டலைக் காட்டியபோது, எனக்குக் கை ஓடவில்லை. மயிலாடுதுறைத் தெருவில் ரப்பர் பந்தோடு வளர்ந்தவன் நான். எதிர்வீட்டு மதிலைத் தாண்டினால் அவுட். அன்றைய ஆட்டமும் அதோடு சரி, மாமி பந்தைத் தர மாட்டார்.

ஸ்காட்லாந்துக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. குடையில்லாமல் மழையில் நடக்கிறேன், ஊர் நினைப்பு அவ்வளவாக வருவதில்லை என்றுகூட நண்பர்களிடம் சொல்லியிருந்தேன்.

பெரியவரின் கணக்கு தெளிவானது. வலப்புறத்து ஓட்டல் நிலம் எல்லைக்கு வெளியே. அங்கே விழுந்தால் ஓர் அடி தண்டனையோடு மறுபடி இங்கிருந்தே அடிக்க வேண்டும். அதற்குப் பயந்து இடப்பக்கம் ஒதுங்கினாலோ, குழி இருக்கும் வழவழப்பான புல்திடலான குறுகிய கிரீனுக்கும் நமக்கும் நடுவே 'ரோடு பங்கர்' என்னும் மணற்பள்ளம் வந்துவிடும். கிரீனுக்குப் பின்னால் சாலை, அதற்கப்பால் கல்மதில். ஆகவே துணிந்து வலப்பக்கம் அடித்து, இரண்டாம் அடியைக் கிரீனின் வலது முன்புறத்தில் சற்று முன்னதாகவே நிறுத்தி, அங்கிருந்து பந்தை உருட்டும் மட்டையான பட்டரால் உருட்டி ஏற்ற வேண்டும். பார் 4, அதாவது நான்கு அடியில் முடிக்க வேண்டிய குழி என்றாலும் ஐந்தை வாங்கிக்கொண்டு நகர்வதில் வெட்கமில்லை. கோல்ஃபின் பெரிய போட்டிகளில் ஒன்றான ஓபன் போட்டியில் 2010 முதல், முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து இதன் நீளம் 495 யார்டு. 1978 ஓபனில் ஜப்பானிய வீரர் நகாஜிமா இரண்டே அடியில் கிரீனை அடைந்தும், பட்டரால் தட்டிய பந்து பங்கருக்குள் உருண்டுவிட, மணலோடு போராடி இந்தக் குழிக்கு 9 அடி எடுத்தார். 1984 ஓபனில் அமெரிக்க வீரர் டாம் வாட்சனின் இரண்டாம் அடி மதிலோரம் போய் நின்றது. பட்டம் ஸ்பெயின் வீரர் பாலஸ்டெரோஸுக்குப் போயிற்று.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டு நான் இடப்பக்கமே அடித்தேன். மாமியிடம் கற்ற பாடம் அவ்வளவு எளிதில் போகுமா? பங்கருக்கு அஞ்சி ஓங்கி அடித்த மூன்றாம் பந்து கிரீனைத் தாண்டிச் சாலையில் விழுந்தது.

அங்கேதான் எனக்கு அந்தக் குழி பிடித்துப்போயிற்று. சாலையும் ஆட்டத்தில் சேர்த்தி. பந்தை எடுத்துப் புல்லில் வைக்கும் சலுகை கிடையாது. முழங்கால் தேயத் தெருவில் ஆடியவனுக்குப் புல்வெளிதான் அந்நியம், சாலையில் என்ன தயக்கம்? ஆனாலும், மதிலுக்குப் பின்னாலிருந்து யாராவது எட்டிப் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பட்டரைக் கையில் எடுத்தேன்.