காரைக்குடியில் ஒரு பலகார மாலை

சித்திரை வெயிலில் காரைக்குடிக்கா என்று கேட்காதவர்கள் இல்லை. பகலைப் பொறுத்தவரை அவர்கள் கேட்டது சரிதான். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் துண்டைப் போட்டுப் படுப்பதைத் தவிர வேறு வேலை ஓடாது. ஊர் வெளியே வருவதே மாலை ஆறு மணிக்கு மேல்தான்.

கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு தெருவில், தெருக்காரர்களே சேர்ந்து உணவுத் திருவிழா வைத்திருந்தார்கள். வாசலுக்கு வாசல் ஒரு பெஞ்சு, ஒரு கேஸ் அடுப்பு, மேலே இருப்புச்சட்டி. இங்குள்ள பெரிய வீடுகள் பலவும் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பில் ஏறினால் வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்தெருவில் இறங்கலாம். அதனால் அரைப்பதும் ஆட்டுவதும் பின்கட்டில், விற்பனை முன்வாசலில் என்று வசதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் திண்ணைதான் சாப்பிட உட்காரும் இடம்.

செட்டிநாடு என்று போர்டு மாட்டிவிட்டு மிளகாய்த்தூளைக் கொட்டும் ஓட்டல்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. அங்கே சாப்பிட்டுப் பழகியவர்கள் இந்தத் தெருவில் கொஞ்சம் குழம்பிப்போவார்கள். கடைகளில் பாதி காரமே இல்லாதவை. வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், பால் பணியாரம், கும்மாயம், உக்காரை. செட்டிநாட்டுச் சமையலின் கெட்டிக்காரத்தனம் மசாலாவில் இருப்பதைவிடப் பலகாரத்தில்தான் அதிகம் என்பது என் கட்சி.

வெள்ளைப் பணியாரக் கடையில் மட்டும் நெடுநேரம் நின்றேன். கரண்டி மாவை எண்ணெயில் விட்டதும் அது அடியில் போய், வட்டமாக விரிந்து மேலே வருகிறது. மேலாக எண்ணெயை அள்ளி ஊற்ற, நடுவில் உப்புகிறது. ஒருமுறை திருப்பி, சிவக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். ஓரம் மொறுமொறு, நடு பஞ்சு. ஒரு நேரத்தில் ஒன்றுதான் சுட முடியும் என்பதால் வரிசை நகரவே இல்லை. யாரும் முணுமுணுக்கவும் இல்லை.

“அளவு எப்படி ஆச்சி?” என்று கேட்டேன்.

“ஒரு ஆழாக்குப் பச்சரிசியைத் தலைதட்டி எடுத்துக்கங்க தம்பி. அதுக்கு மேலயே உளுந்தைக் கோபுரமா வைக்கணும். எவ்வளவு நிக்குதோ அவ்வளவுதான் உளுந்து. கூடப் போட்டா எண்ணெய் குடிக்கும்.”

கொஞ்சம் பால், கொஞ்சம் சீனி, உப்பு. வேறு ரகசியம் இல்லை என்றார். தொட்டுக்கொள்ள வரமிளகாய்ச் சட்னி. தேடிய காரம் மொத்தமும் அந்தக் கிண்ணத்தில் இருந்தது. அதே மாவில் வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய் வதக்கிக் கொட்டிக் கையால் கிள்ளிப் போட்டால் மசாலா சீயம். அடுத்த வாசலில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. தட்டில் விழுந்த வேகத்தில் காலியானது.

கவுனி அரிசி ஒரே கடையில். பர்மாவில் லேவாதேவி செய்யப் போன நகரத்தார், அதாவது இந்தப் பக்கத்துச் செட்டியார்கள், கொண்டுவந்த கறுப்பு அரிசி அது. முந்தின இரவே ஊறவைத்து, நிதானமாக வேகவிட்டு, சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்க்கிறார்கள். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது தொழிலையும் நிலத்தையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் பல. கவுனியை விடவில்லை. இன்றும் இங்கே கல்யாண வீட்டுப் பந்தியில் அது வரும்.

அசைவத்துக்கு இரண்டு கடைகள். உப்புக்கறி நன்றாக இருந்தது: ஆட்டுக்கறி, சின்ன வெங்காயம், பூண்டு, கிள்ளிப் போட்ட வரமிளகாய், உப்பு. மசாலாப் பொடி எதுவும் இல்லை. இன்னொரு கடையின் கோழி வறுவலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சரி, கூட்டம் அதிகம் எங்கே? தெருக்கோடியில் ஒருவர் காலிஃபிளவர் சில்லி போட்டுக்கொண்டிருந்தார். லீவில் இருந்த பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். “எங்க பேரனும் அங்கதான் நிக்கிறான்” என்று பணியார ஆச்சியே சிரித்தார். எனக்குத்தான் கோபம் வந்தது.

ஒன்பது மணிக்குள் பணியார மாவு தீர்ந்துவிட்டது. கவுனி அதற்கு முன்பே காலி. இப்படி ஒரு மாலை வாய்த்தால் ஆறரைக்கே போய்விடுங்கள், மதியச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். தேன்குழலும் மனகோலமும் ஊரில் பலகாரக் கடைகளில் எப்போதும் கிடைக்கும், அதை மறுநாள் வாங்கிக்கொள்ளலாம். வெள்ளைப் பணியாரத்தைப் பொட்டலம் கட்டிக் கேட்காதீர்கள். அரை மணியில் துவண்டுவிடும், ஆச்சியும் கொடுக்க மாட்டார்.