ஸ்மார்ட் திறப்பு வேலை செய்யாவிட்டால்: வன்னியில் பழுது பார்த்த அனுபவம்

"அண்ணை, திறப்பு வேலை செய்யுதில்லை" என்று கொண்டுவந்து மேசையில் வைப்பவர்களிடம் நாங்கள் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எது வேலை செய்யுதில்லை?" சிலருக்கு எரிச்சல் வரும். ஆனால் பதிலிலேயே பாதிப் பழுது பிடிபட்டுவிடும். காரின் ஸ்மார்ட் திறப்புக்குள், அதாவது பையில் இருந்தபடியே காரைத் திறக்கவும் ஸ்ரார்ட் ஆக்கவும் உதவுகிற சாவிக்குள், ஒன்றையொன்று பெரிதாகச் சாராத மூன்று வேலைகள் நடக்கின்றன. எது நின்றுபோனது என்று தெரிந்தால் எங்கே கைவைப்பது என்று தெரியும். தெரியாமல் கொழும்புக்குக் கொண்டு ஓடினால், இருநூறு ரூபா வேலைக்கும் புதுத் திறப்புக் காசு கேட்பார்கள்.

முதலாவது வேலை, பொத்தானை அழுத்தினால் ரேடியோ அலை அனுப்புவது. ஜப்பானில் ஓடி இங்கே வந்த அக்குவா, பிரியஸ், வகன் ஆர், ஃபிட், வெசல் போன்றவற்றின் திறப்புகள் 312 முதல் 315 மெகாஹேர்ட்ஸ் வரையான அலைவரிசையில் பேசும். இந்தியாவில் செய்த கார்கள் பெரும்பாலும் 433.92. இரண்டாவது, கைபிடியைத் தொட்டதும் கார் அனுப்புகிற 125 அல்லது 134 கிலோஹேர்ட்ஸ் அலையை உணர்ந்து, தூக்கத்திலிருந்து எழும்பிப் பதில் சொல்வது. இதற்காக உள்ளே மூன்று திசைக்கும் சுருள் உண்டு. மூன்றாவது, பற்றரியே இல்லாமல் காருக்குத் தன்னை அடையாளம் காட்டுகிற இமொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) சிப்.

சோதனையை மூன்றாவதிலிருந்து தொடங்குங்கள். திறப்பின் பற்றரியைக் கழற்றிவிட்டு, பிரேக்கை மிதித்தபடி திறப்பை ஸ்ரார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். ரொயோட்டாவில் சின்னம் உள்ள பக்கம் பொத்தானைத் தொட வேண்டும். ஹொண்டாவில் பொத்தான் மின்னும்போது எச் எழுத்துப் பக்கம். சுசூகியில் பூட்டும் பொத்தான் இருக்கிற முனை. ஒரு சத்தம் கேட்கும் அல்லது விளக்கு மாறும், உடனே ஸ்ரார்ட்டை அழுத்துங்கள். கார் எழும்பினால் சிப் உயிரோடு இருக்கிறது, காரும் திறப்பை மறக்கவில்லை. புதுத் திறப்புத் தேவையில்லை, மிச்சம் பழுதுபார்க்கிற வேலைதான். மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் நடுவில் இரவில் நிற்கிறவருக்கு வீடு போய்ச் சேர்கிற வழியும் இதுவே. கதவைத் திறக்க, திறப்பின் பக்கத்தில் உள்ள சின்னப் பிடியை இழுத்தால் இரும்புத் திறப்பு வெளியே வரும். அதால் திறக்கும்போது சில கார்கள் அலாரம் அடிக்கும், இயந்திரம் ஸ்ரார்ட் ஆனதும் அந்த அலாரம் நின்றுவிடும்.

பொத்தான்கள் வேலை செய்து, கைபிடியைத் தொட்டால் திறக்காமலும் திறப்பு இல்லை என்று கார் சொல்லிக்கொண்டும் இருந்தால் இரண்டாவது வேலையில் கோளாறு. திறப்பைக் கழற்ற முன்னம் ஒன்று பாருங்கள். பல ரொயோட்டாத் திறப்புகளில் பற்றரி மிச்சம் பிடிக்கும் நிலை உண்டு. பூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி திறக்கும் பொத்தானை இரண்டு தரம் அழுத்தினால் சிவப்பு விளக்கு நான்கு தரம் மின்னி, திறப்பு உறங்கிவிடும். சின்னப்பிள்ளை கையில் விளையாடினாலே இது நடக்கும். ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தினால் விழித்துக்கொள்ளும். ஒரு கதவு மட்டும் தொட்டால் திறக்காவிட்டால் பழுது அந்தக் கதவில், திறப்பில் இல்லை. இரண்டாவது திறப்பு வீட்டில் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி மக்கர் பண்ணினால் காரின் 12 வோல்ற் பற்றரியைப் பாருங்கள். ஹைபிரிட் கார்களில் அது சின்னது, பின்னால் ஒளிந்திருக்கும், யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இரவு முழுக்க நிறுத்தியபின் 12.6 வோல்ற் காட்டினால் நல்லது. 12க்குக் கீழே போனால் திறப்பைத் திட்டிப் பிரயோசனமில்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் வேலை செய்யாத திறப்பும் வரும். கார்ச் சிகரெட் துளையில் செருகிய மலிவு சார்ஜர், டாஷ் கமரா, கடை முகப்பின் எல்.ஈ.டி. விளக்கு எல்லாம் இந்த அலைவரிசைகளில் இரைச்சல் போடும். சார்ஜரைக் கழற்றிப் பார்த்து, காரை நூறு மீற்றர் தள்ளிவைத்துப் பார்த்த பிறகு கழற்றல் வேலைக்கு வாருங்கள்.

இனிப் பற்றரி. பழையதில் பொறித்திருக்கிற எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். சீஆர் 2032 என்றால் விட்டம் 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2. சீஆர் 1632 என்றால் விட்டம் 16, தடிப்பு அதே 3.2. அக்குவா, பிரியஸ் (30 வகை) திறப்புகளுக்கு 1632, வகன் ஆருக்கும் ஹொண்டாக்களுக்கும் 2032. நகரத்துக்கு வெளியே பல கடைகளில் 1632 இருக்காது. "இதுவும் சரிவரும்" என்று 1620ஐத் தருவார்கள். அது 2 மில்லிமீற்றர்தான். குலுக்கினால் தொடர்பு விடும், கிரவல் வீதியில் ஓடும்போது திறப்பு இல்லை என்று கார் சத்தம்போடும். 2032க்குப் பதிலாகப் போட்ட மெல்லிய 2025க்குக் கீழே சிகரெட் பெட்டி மட்டையை மடித்து வைத்த திறப்புகளை அடிக்கடி திறந்திருக்கிறோம். மட்டை வியர்வையை உறிஞ்சி, பற்றரியைத் தொடுகிற தகட்டை அரித்துவிடும்.

மீற்றரில் 3 வோல்ற் காட்டுகிறது, ஆகவே பற்றரி நல்லது என்பது இந்தத் தொழிலில் அதிகம் ஏமாற்றும் அளவீடு. பழைய பற்றரி சும்மா இருக்கும்போது 3 வோல்ற் காட்டும். வேலை கொடுத்தால் விழுந்துவிடும். 100 ஓம் ரெசிஸ்ரர் (மின்தடை) ஒன்றை இரண்டு செக்கன் குறுக்கே பிடித்துக்கொண்டு அளவுங்கள். புதிய 2032 ஏறக்குறைய 2.7க்கு மேல் நிற்கும், 2.4க்குக் கீழே ஓடினால் குப்பை. ரெசிஸ்ரர் இல்லையென்றால் திறப்புக்குள் இருக்கும்போதே பொத்தானை அழுத்தியபடி அளவெடுத்தாலும் விழுவது தெரியும். பிள்ளைகள் விழுங்காதிருக்கக் கசப்புப் பூச்சு பூசிய பற்றரிகளும் விற்பனையில் உண்டு. அந்தப் பூச்சு சில திறப்புகளில் தொடர்பை மறிக்கும், அற்ககோல் நனைத்த துணியால் தகடு படுகிற இடத்தைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். கழற்றிய பழசை இரண்டு பக்கமும் டேப் ஒட்டி எட்டாத இடத்தில் வையுங்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் தொண்டைக் குழாயை எரித்துவிடும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய விசயம்.

புதுப் பற்றரியும் ஒரு மாதத்தில் தீர்ந்துபோனால் இரண்டு காரணங்களைத் தேடுங்கள். ஒன்று, திறப்பு எங்கே தொங்குகிறது என்பது. போட்டிக்கோவில் கார், கதவுக்குப் பக்கத்து ஆணியில் திறப்பு என்றால், சில கார்கள் சும்மா நிற்கும்போதும் அனுப்புகிற அழைப்புக்கு அது இரவு முழுக்க எழும்பி எழும்பிப் பதில் சொல்லும். ரிவிக்கும் போன் சார்ஜருக்கும் ஒட்டினாற்போல் வைப்பதும் அப்படித்தான், ஒரு மீற்றராவது தள்ளி வையுங்கள். மற்றது, உள்ளே மின் ஒழுக்கு. மீற்றரை மைக்ரோ அம்பியரில் வைத்துப் பற்றரிக்கும் தகட்டுக்கும் இடையில் தொடராக இணையுங்கள். தூங்குகிற ஸ்மார்ட் திறப்பு சில மைக்ரோ அம்பியர்தான் குடிக்கும். 200 காட்டுகிறதென்றால், 1632க்குள் இருக்கிற ஏறக்குறைய 130 மில்லி அம்பியர் மணி ஒரு மாதம்கூடத் தாங்காது. ஈரமோ, அழுந்தியே கிடக்கிற சுவிச்சோ உள்ளே இருக்கும்.

வன்னியில் திறப்புகள் அதிகம் சாவது தண்ணீரால். வயல் வரம்பில் விழுவது, குளத்தில் குளிக்க இறங்கும்போது சட்டைப்பையில் கிடப்பது, முல்லைத்தீவுப் பக்கம் கடல்நீர், எல்லோருக்கும் பொதுவான சலவை இயந்திரம். எடுத்தவுடன் பற்றரியைக் கழற்றுங்கள். வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்க்காதீர்கள். ஈரத்தில் மின்சாரம் ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் செம்புத் தடம் கரைகிறது. நெல் விளைகிற ஊர் என்பதாலோ என்னவோ, அரிசிப் பானைக்குள் புதைத்து இரண்டு நாள் கழித்துத்தான் கொண்டுவருவார்கள். அரிசி ஈரத்தைப் பெரிதாக இழுக்காது. தவிட்டுத் தூள் உள்ளே போகும், உப்பு அங்கேயே இருக்கும்.

உப்பை வெளியேற்ற உப்பில்லாத தண்ணீர் வேண்டும். கார்ப் பற்றரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீர் போத்தல் பற்றரிக் கடைகளில் கிடைக்கும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், எங்கள் பக்கத்துத் தண்ணீர் கேத்தலுக்குள் வெள்ளை படிகிற தண்ணீர். திறப்புக்குள் இருக்கிற மின்சுற்றுப் போர்டை வெளியே எடுத்து வடித்த தண்ணீரில் அலசி, பிறகு 99 சதவீத ஐசோபுரொப்பைல் அற்ககோலை ஊற்றி மென்மையான பல் தூரிகையால் தேய்க்க வேண்டும். பற்றரித் தகட்டின் அடியில், ஈயம் பிடித்திருக்கிற இடத்தைச் சுற்றிப் பச்சைப் பூஞ்சணம்போல ஒரு வளையம் தெரியும். அதைச் சுரண்டி எடுக்காவிட்டால் மற்ற வேலையெல்லாம் வீண். மேலே பளபளவென்றிருக்கும் தகடு அடியில் போர்டை விட்டுக் கழன்று நிற்கும், ஊசியால் மெதுவாக நெம்பிப் பார்த்தால் ஆடும். முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் பிடித்து உலர்த்துங்கள். பங்குனி வெயிலில் கார்க் கண்ணாடிக்குக் கீழே காய வைப்பதில்லை, பிளாஸ்ரிக் உறை நெளிந்துவிடும். அரித்துப்போன தடத்தை எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பியால் தாண்டிக் கட்டலாம்.

பொத்தான் சுவிச் மாற்றுவது எளிய வேலை. ஆனால் பிழை விடுவதும் இதில்தான் அதிகம். அழுத்தும்போது சுவிச்சின் இரண்டு கால்களுக்கிடையில் சில ஓம் மட்டும் காட்ட வேண்டும். நூறு, ஆயிரம் என்று ஏறி இறங்கினால் உள்ளே தேய்ந்துவிட்டது. மாற்றும்போது நீள அகலத்தை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். உயரத்தை அளக்க வேண்டும். அரை மில்லிமீற்றர் உயரம் கூடினாலும், உறையை மூடியதும் றப்பர் அதை அழுத்தியே பிடித்திருக்கும். திறப்பு ஓயாமல் கத்திக்கொண்டு பற்றரியைச் சில நாளில் குடித்துவிடும். ஈயம் உருக்கும் இரும்பு 350 பாகைக்கு மேல் வேண்டாம், 63/37 (வெள்ளீயம் 63, காரீயம் 37) பற்றவைக்கும் ஈயம், ஈயம் நன்றாகப் பிடிக்கக் கொஞ்சம் ஃபிளக்ஸ். சூடான காற்றால் எடுப்பதென்றால் பக்கத்துச் சுருளை வெப்பம் தாங்கும் டேப்பால் மூடுங்கள்.

விழுந்த திறப்புக்கு வேறு வியாதி. சிவப்பு விளக்கு எரியும், கார் திரும்பிப் பார்க்காது. விளக்கு எரிவது பொத்தானும் பற்றரியும் நல்லது என்பதற்குத்தான் சாட்சி, அலை வெளியே போகிறது என்பதற்கு அல்ல. அலைவரிசையை நிலையாக வைத்திருக்கிற கிறிஸ்ரல் உடைந்தாலோ அதன் கால் விட்டாலோ அலை நின்றுவிடும் அல்லது இடம் மாறிவிடும். ரிமோட் அலைவரிசை காட்டும் சின்னக் கருவியோ, ரேடியோ அலையைப் பிடித்துக் காட்ட கணினியில் செருகும் ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். குச்சியோ இருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். சுருள்களையும் ஓம் பார்க்கலாம். ஒவ்வொன்றும் பத்து முதல் நூற்றுச் சொச்சம் வரை ஏதோ ஒரு எண் காட்டும், ஒன்றுமே காட்டாதது அறுந்தது. முதலில் கால்களின் ஈயத்தைத் திரும்ப உருக்கிப் பாருங்கள், பாதிக்குப் பாதி அதிலேயே சரிவரும்.

உடைந்த உறையை மாற்றுகிறவர்களுக்கு ஒரு சொல். இரும்பு அலகோடு இருக்கிற பழைய வகைத் திறப்புகளில் இமொபிலைசர் சிப் போர்டில் இருப்பதில்லை. தலைப் பிளாஸ்ரிக்குக்குள் கறுப்பு ஆப்பு மாதிரி, ஒரு சென்ரிமீற்றர் சொச்சம் நீளத்தில் தனியே ஒட்டியிருக்கும். அதைப் பழைய உறையோடு குப்பையில் போட்டால் கதவு திறக்கும், கார் ஸ்ரார்ட் ஆகாது அல்லது ஸ்ரார்ட் ஆகி அணைந்துவிடும். ஸ்மார்ட் திறப்புகளில் சிப் போர்டிலேயே இருப்பதால் இந்தப் பயமில்லை.

இத்தனைக்கும் மசியாவிட்டால் புதுத் திறப்புப் பதிவதுதான் வழி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025இல்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. ஆகவே இங்கே ஓடுகிற கார்களில் கனக்கவற்றின் திறப்பும் வயது போனது. அதிலும் ஒற்றைத் திறப்போடு வந்த கார்கள் அதிகம். ஒன்று உயிரோடு இருக்கும்போதே இரண்டாவதைப் பதிவது சின்ன வேலை. எல்லாம் தொலைந்தபின் பதிவதென்றால் காரின் கணினிப் பெட்டியையே மீளமைக்க வேண்டிவரும், காசு பல மடங்கு. இணையக் கடையில் வாங்கும்போது தோற்றத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதே உறைக்குள் 433 மெகாஹேர்ட்ஸ் போர்டும் வரும். ரொயோட்டாவில் போர்டில் 271451 அல்லது 281451 என்று தொடங்கி, கோடு போட்டு நான்கு இலக்கத்தோடு முடியும் எண் இருக்கும். அந்த நான்கு இலக்கமும் பொருந்த வேண்டும். வேறு காரில் பதிந்த பழைய ரொயோட்டாத் திறப்பை அப்படியே பதிய முடியாது. முன்பதிவை அழித்துத் தருகிறீர்களா என்று விற்பவரிடம் காசு கொடுக்க முன்னம் கேளுங்கள்.

பதிகிறவரிடம் போகும்போது வாகனப் பதிவுப் புத்தகமும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும், இவற்றைக் கேட்காமல் பதிகிறவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். வேலை நடக்கும்போது 12 வோல்ற் பற்றரிக்கு சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும், நடுவில் வோல்ற் விழுந்தால் பதிவு அரைகுறையாக நின்று பழைய திறப்பும் போய்விடும். முடிந்ததும் எத்தனை திறப்புப் பதிவாகியிருக்கிறது என்று கருவியின் திரையில் காட்டச் சொல்லுங்கள். உங்கள் கையில் இரண்டு, திரையில் மூன்று என்றால் அந்த மூன்றாவதை அப்போதே அழித்துவிடச் சொல்லுங்கள்.