சித்தப்பாவின் மரண அத்தாட்சியைக் கேட்டார்கள்

சின்னம்மாவின் கணக்கில் வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் தரும் அஸ்வெசுமக் காசு விழுந்துவிட்டது. வறியவர் பிரிவு, மாதம் 10,000 ரூபா. அதற்குப் பட்ட பாட்டை எழுதி வைக்க வேண்டும் என்று கந்தோர் வாங்கில் குந்தியிருக்கும்போதே முடிவெடுத்திருந்தேன். எங்களோடு அங்கே காத்திருந்த எத்தனையோ பேர் "உங்கட பேர் இல்லை அம்மா" என்ற ஒரு வசனத்தைக் கேட்டுவிட்டு எழும்பிப் போனார்கள். ஏன் இல்லை என்று கேட்க அவர்களோடு ஆள் இல்லை. எழுத வாசிக்கத் தெரிந்த ஒருவர் கூட வந்தால் ஒரு பதில், தனியே வந்தால் இன்னொரு பதில் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

விண்ணப்பம் போட்டது, விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) கொடுத்தது, பதிவு செய்தது எல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. அதில் ஒரு சிக்கலும் வரவில்லை. வீடு பார்க்க ஆள் வந்ததில்தான் பிழை தொடங்கியது.

சின்னம்மா யாழ்ப்பாணத்தில், வலிகாமத்தில் வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவர். களை பிடுங்க, வெங்காயம் கிண்ட, நடுகைக் காலத்தில் நட. மகன் எனக்குத் தம்பி முறை. பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் இல்லை. சித்தப்பாவை 1996இல், இடம்பெயர்ந்து இருந்த தென்மராட்சியில் இருந்து எல்லாரும் ஊருக்குத் திரும்பி வந்த கொஞ்ச நாளில், ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில் கொண்டுபோனார்கள். அந்த வருடம் குடாநாட்டில் அப்படிக் கொண்டுபோகப்பட்டு வராதவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். சித்தப்பாவும் வரவில்லை.

வீடு பார்க்க வந்த நேரம் சின்னம்மா தோட்டத்தில். தம்பி மட்டும் வீட்டில். அவனிடம் என்ன கேட்பது என்று நினைத்து, பக்கத்து வீட்டில் விசாரித்து, கையில் இருந்த கருவியில் பதிந்துகொண்டு போய்விட்டார்கள். பிறகு பட்டியல் ஒட்டினார்கள். சின்னம்மாவின் பெயர் இல்லை.

போய்க் கேட்டோம். கவுண்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "கல்வீடு, கரண்ட் இருக்கு. பிறகென்ன அம்மா?" என்றார்.

அந்தக் கல்வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு. ஐந்தரை இலட்சம் ரூபா, கட்டம் கட்டமாகக் கொடுத்தார்கள். ஒரு கட்ட வேலை முடிந்தால்தான் அடுத்த காசு. சீமெந்தும் மணலும் விலை ஏற ஏற அந்தக் காசு போதவில்லை. வேலையை இடையில் விட்டால் அடுத்த கட்டம் வராது. தாலிக்கொடியை ஈடு வைத்தார், அது காணாமல் நுண்கடன் எடுத்தார். கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நின்று அறவிட்டார்கள். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன். வடக்கில் எத்தனை பெண்கள் அந்தக் கடனால் நொந்து போனார்கள் என்பது இங்கே யாருக்கும் தெரியாததல்ல. கடைசியில் வீடு எழும்பியது, உள்ளே பூசவில்லை, பின் அறைக்கு இன்னும் கதவு இல்லை. சின்னம்மாவிடம் ஒன்றும் இல்லை என்று பார்த்துத்தான் அந்த வீட்டைக் கொடுத்தார்கள். இப்போது அந்த வீட்டைக் காட்டி, உனக்கு எல்லாம் இருக்கிறது என்கிறார்கள். சுவரைப் பார்த்து எழுதியவர்கள் சுவருக்குப் பின்னால் இருந்த கடனைக் கேட்கவே இல்லை.

மேன்முறையீடு எழுதிக் கொடுத்தோம். பதில் வரவில்லை. கேட்கப் போன இடத்தில் ஒருவர் "கொழும்பில்தான் முடிவு" என்றார், இன்னொருவர் "விதானையைக் கேளுங்கோ" என்றார். விதானையார் நல்ல மனிதர், ஆனால் தன் கையில் ஒன்றும் இல்லை என்று கையை விரித்தார்.

இந்த இடத்தில் எங்களைக் காப்பாற்றியது தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். இதை வாசிப்பவர்கள் தயவுசெய்து இதை மட்டுமாவது மனதில் வையுங்கள். "ஏன் தரவில்லை?" என்று கோபமாக ஒரு கடிதம் எழுதினால் அது கோப்புக்குள் போய்விடும். "எங்கள் குடும்பத்தைப் பற்றி உங்கள் பதிவில் என்ன விபரம் இருக்கிறது, அதன் பிரதியைத் தாருங்கள்" என்று தகவல் அலுவலருக்கு எழுதினால் அவர் பதில் தந்தே ஆக வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவைச் சொல்ல வேண்டும். தமிழில் எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுத்தவுடன் பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். எனக்குத் தர முதலில் தயங்கினார்கள். சட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி அங்கேயே நின்றேன், தந்தார்கள்.

பதில் வந்தது. அதில் இருந்ததை வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது. வீடு முழுமையாகப் பூர்த்தி. வெளிநாட்டு உதவி உண்டு. குடும்பத் தலைவர்: சித்தப்பாவின் பெயர், தொழில் செய்பவர்.

வெளிநாட்டு உதவி என்றது மாமாவை, சின்னம்மாவின் தமையனை. கனடாவில் இருக்கிறார். தானும் நோயாளியாகி, வேலை இல்லாமல், பல வருடமாக ஒரு சதமும் அனுப்ப முடியாமல் இருக்கிறார். பக்கத்து வீட்டார் "அவவுக்கென்ன, தமையன் கனடாவில" என்று சொல்லியிருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு ஆள் வெளியில் இருந்தால் அந்தக் குடும்பமே வசதி என்று ஒரு முடிவு. ஒரு விதவையோ, தனித்துப்போன கிழவியோ இரண்டு நேரம் சமைக்கிறாளா என்று எட்டிப் பார்க்காத ஊர், அவளுக்கு யார் வெளிநாட்டில் என்று மட்டும் துல்லியமாக அறிந்து வைத்திருக்கிறது. அரசாங்கத்தைக் குறை சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சித்தப்பா விஷயம்தான் எல்லாவற்றிலும் பெரிய வலி. பதிவைத் திருத்தச் சொல்லி அந்தப் பிரதியோடு போனோம். உத்தியோகத்தர் பார்த்துவிட்டு, "அப்ப மரண அத்தாட்சியைக் கொண்டு வாங்கோ, திருத்தி விடலாம்" என்றார்.

"அவர் செத்ததாக ஆர் சொன்னது?" என்று சின்னம்மா கேட்டார்.

"இல்லையெண்டால் அவர் இருக்கிறார் என்றுதானே அம்மா எழுதவேணும்."

சின்னம்மா அதன் பிறகு ஒரு சொல் பேசவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நெடுநேரம் நின்றார். தொண்ணூறுகளில் இருந்து இந்த மனிசி சித்தப்பாவைப் பற்றிச் சொல்லாத இடம் இல்லை. அப்போதே மனித உரிமைக்காரரிடம் எழுதிக் கொடுத்தார். போர் முடிந்த பிறகு ஆணைக்குழுக்கள் வந்தன, ஒவ்வொன்றிலும் வரிசையில் நின்று சாட்சி சொன்னார். எந்த இடம், எத்தனை மணி, என்ன நிறச் சாரம், எல்லாம் சொன்னார். ஒவ்வொரு முறையும் அரசாங்கத்தின் ஆட்கள்தான் கேட்டு எழுதினார்கள். அதே அரசாங்கத்தின் இன்னொரு மேசையில் சித்தப்பா வீட்டில் இருந்து தொழில் செய்கிறார். ஒரு மேசையில் எழுதியதை மற்ற மேசை பார்த்திருந்தால் இந்த அலைச்சலே தேவைப்பட்டிருக்காது.

வழி காட்டியது பதிவாளர் கிளையில் இருந்த ஒரு பெண் உத்தியோகத்தர். அவர் எங்களைக் கூப்பிட்டு இருத்தி, தண்ணீர் தந்து, "மரண அத்தாட்சி எடுக்கவேணுமெண்டு இல்லை அம்மா, வேற ஒண்டு இருக்கு" என்றார். காணக்கிடைக்காமைக்கான சான்றிதழ். காணாமற்போனவர்களுக்கு மரணத்தைப் பதிய 2010இல் ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. பல குடும்பங்கள் அதை ஏற்கவில்லை. 2016இல் அதைத் திருத்தி இந்தச் சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். ஆள் இறந்துவிட்டார் என்று அதில் எழுதுவதில்லை, காணக்கிடைக்கவில்லை என்றுதான் இருக்கும். அதை வைத்து நலன்புரி உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம், காணாமற்போனவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம். இத்தனை வருடமாக இப்படி ஒன்று இருப்பதைச் சின்னம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. மரண அத்தாட்சி கேட்ட உத்தியோகத்தருக்கும் தெரிந்திருக்கவில்லை, அல்லது சொல்ல மனம் வரவில்லை.

இதை எடுக்கிறவர்களுக்குச் சில சொல்லுகிறேன். பழைய துண்டு ஒன்றையும் எறியாதீர்கள். முன்பு கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, ஆணைக்குழுவில் தந்த இலக்கம், எதுவானாலும் உதவும். சின்னம்மா எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்திருந்ததால் தப்பினோம். பொலிஸ் முறைப்பாடு இல்லாவிட்டால் இப்போதாவது போய்ப் பதியுங்கள். நாங்கள் போன நிலையத்தில் "இவ்வளவு காலமும் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டார்கள். 1996இல் இவர் எந்த நிலையத்துக்குப் போய் யார் மீது முறைப்பாடு கொடுத்திருக்க முடியும் என்று நான் திருப்பிக் கேட்டேன். கொஞ்சம் இழுத்தடித்துப் பதிந்தார்கள். பெயரின் எழுத்துகளை எல்லாக் கடதாசியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலே பாருங்கள். எங்களுக்கு ஒரு "இராசா" "ராசா"வாகி, அதற்கு ஜே.பி.யிடம் (சமாதான நீதவானிடம்) சத்தியக்கடதாசி முடிக்க வேண்டி வந்தது. சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் கையெழுத்து வைக்காமல் தமிழில் கேளுங்கள். தமிழும் அரச கரும மொழிதான், அது உங்கள் உரிமை.

சாட்சிக்குக் கையெழுத்து வைக்க ஊரில் இரண்டு பேர் மறுத்தார்கள். பிறகு சி.ஐ.டி. வந்து விசாரிப்பார்கள் என்ற பயம். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பயம் வீணாக வந்ததும் அல்ல. கடைசியில் சித்தப்பாவோடு ஒன்றாகப் படித்த ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், முழு விபரத்தையும் தன் கைப்பட எழுதி, ஒப்பமிட்டுத் தந்தார்.

படிவத்தில் சின்னம்மா உடனே ஒப்பமிடவில்லை. அப்போது செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தில் மனிதப் புதைகுழியைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கிழமைக்குக் கிழமை எலும்புக்கூடுகளின் எண்ணிக்கை செய்தியில் ஏறிக்கொண்டே போனது. ஒரு சிறு பிள்ளையின் பள்ளிக்கூடப் பையும் எடுத்தார்கள். 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி, எடுத்த பொருட்களைச் சனம் வந்து பார்த்து அடையாளம் காட்டலாம் என்று அறிவித்தார்கள். சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொன்றையும் பார்த்தார். "இதில அவற்ற ஒண்டும் இல்லை" என்றார். அடுத்த கிழமை படிவத்தை எடுத்து வரச் சொல்லி ஒப்பமிட்டார். "இதில செத்திட்டார் எண்டு எழுதேல்லத்தானே?" என்று இன்னொரு முறை கேட்டுவிட்டுத்தான் பேனையைப் பிடித்தார்.

சான்றிதழ் கைக்கு வந்த பிறகு வேலை வேகமாக நடந்தது. தகவல் அறியும் பதிலின் பிரதி, சான்றிதழ், கடன் புத்தகங்களின் பிரதி, பூசாத சுவரின் படங்கள் எல்லாம் வைத்துத் திரும்ப விண்ணப்பித்தோம். இந்த முறை வீடு பார்க்க வரும் நாளை முன்பே சொல்லும்படி எழுத்தில் கேட்டேன். வந்தவர் ஒரு இளம் பிள்ளை, பொறுமையாக இருந்து சின்னம்மாவிடமே எல்லாம் கேட்டுப் பதிந்தார். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் சின்னம்மாவின் பெயர் ஏறியது. அதைப் பதிந்து முடித்து அவர் வாசித்துக் காட்டியபோது நான் அழுதுவிட்டேன். வங்கிக் கணக்குத் திறந்தது ஒரு காலை வேலைதான்.

தம்பியின் மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு இன்னும் கிடைக்கவில்லை. அதுவும் மாதம் 10,000. வைத்தியரின் சான்று கொடுத்தாயிற்று, "காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறது" என்கிறார்கள். எத்தனையாவது இடம் என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். அதையும் தகவல் அறியும் உரிமையில் எழுத்தில் கேட்டிருக்கிறேன். முதல் பட்டியலில் இவர்களுடைய பிழையால் விடுபட்ட காலத்துக்கு நிலுவை தர வேண்டும் என்று இன்னொரு கடிதமும் கொடுத்திருக்கிறோம். தருவார்களா என்று தெரியாது. இரண்டுக்கும் திகதி முத்திரை குத்திய பற்றுச்சீட்டு சின்னம்மாவிடம் இருக்கிறது. தகவல் கேட்ட கடிதத்துக்கு 14 வேலை நாள் வருகிற வியாழனோடு முடிகிறது. பதில் வராவிட்டால் அடுத்து குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதற்கான கடிதத்தையும் எழுதி முடித்துவிட்டேன்.