கியோட்டோவில் செல்லாத பஸ் பாஸும், யாரும் எழுதாத புத்தகமும்

கியோட்டோ ரயில் நிலையத்துக்கு முன்னால், நகரப் பேருந்துகள் புறப்படும் இடத்தில் டிக்கெட் கவுண்டர் ஒன்று இருக்கிறது. அத்தான் அங்கே போய், நாள் முழுக்கப் பஸ்ஸில் சுற்றுவதற்கான 700 யென் பாஸ் கேட்டார். அப்படி ஒன்று இல்லை என்று கவுண்டரில் இருந்த பெண் பணிவாகச் சொன்னார். அத்தான் கையிலிருந்த வழிகாட்டிப் புத்தகத்தைத் திறந்து பக்கத்தையே காட்டினார். அட்டையில் '2025 பதிப்பு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அந்தப் பாஸின் விற்பனை 2023 செப்டம்பரோடு நின்றுவிட்டது. வெளியூர்க் கூட்டத்தால் உள்ளூர்க்காரர்கள் பஸ்ஸில் ஏறவே முடியாமல் போனதால் நகர நிர்வாகமே நிறுத்தியது. நாங்கள் போனபோது பஸ்ஸுக்கும் சுரங்க ரயிலுக்கும் சேர்த்து 1,100 யென்னுக்கு ஒரு பாஸ் கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

அன்று ராத்திரி அத்தானிடமிருந்து அந்தப் புத்தகத்தை வாங்கி உட்கார்ந்து படித்தேன். டோக்கியோவில் விடிகாலையில் சுகிஜிக்குப் போய் டூனா மீன் ஏலம் பார்க்கச் சொல்கிறது. அந்த மொத்தச் சந்தை 2018 அக்டோபரிலேயே டோயோசுவுக்கு இடம் மாறிவிட்டது. சுகிஜியில் இப்போது இருப்பது வெளிச்சந்தைக் கடைகள்தான். நாடு முழுக்க ரயிலில் சுற்ற வெளிநாட்டுப் பயணிகள் வாங்கும் ஏழு நாள் ஜே.ஆர். பாஸ் 29,650 யென் என்கிறது. 2023 அக்டோபரிலேயே அது 50,000 ஆகிவிட்டது. நான்கு பேர் போகும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் பழைய தகவல் என்று விட்டுவிடலாம். கின்காகுஜி என்னும் பொற்கோயில் பற்றி எழுதியிருப்பதை அப்படி விட முடியாது. 'மேல்மாடியில் நின்று தோட்டத்தின் அழகை ரசியுங்கள்' என்கிறது. அந்தக் கட்டடத்துக்குள் பார்வையாளர்களை விடுவதே இல்லை. குளத்துக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, ஒருவழிப் பாதையில் நடந்து வெளியே வரவேண்டும். ஒரு தடவை போனவர்கூட அப்படி எழுதமாட்டார். போனவர் என்ன எழுதுவார் தெரியுமா? ரயில் நிலையத்திலிருந்து நேராக பஸ் ஏறினால் வழியெல்லாம் நெரிசல், அதனால் சுரங்க ரயிலில் கிதாஓஜி வரை போய் அங்கிருந்து பஸ் பிடியுங்கள் என்று எழுதுவார். கால் வலித்தவருக்குத்தான் அது தோன்றும்.

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது சாப்பாட்டுப் பகுதியில்தான். அம்மா சுத்த சைவம். மிசோ சூப்பும் சோபா நூடுல்ஸும் 'சைவர்களுக்கு ஏற்றவை' என்று அந்தப் புத்தகம் தைரியமாகச் சொல்கிறது. இரண்டிலும் அடிப்படை தாஷி என்ற சாறு. பெரும்பாலும் கட்சுவோ மீனைப் புகைபோட்டுக் காயவைத்துச் சீவியதில் எடுப்பார்கள். நம் ஊர் மாசிக் கருவாடும் இதே மீன்தான். ஊரில் இருக்கும்போதே ஜப்பானில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி அக்காவிடம் இதைச் சொல்லி வைத்திருந்ததால் அம்மா தப்பித்தார். புத்த மடங்களின் ஷோஜின் சமையல் கிடைக்கும் இடங்களைத் தேடிப் போய்ச் சாப்பிட்டோம். கடற்பாசியிலும் காளானிலும் சாறு எடுக்கிறார்கள், அருமை. அந்தப் பெயர்கூடப் புத்தகத்தில் இல்லை.

ஊருக்கே போகாமல், செயற்கை நுண்ணறிவை (ஏ.ஐ.) வைத்து எழுதவைத்து விற்கும் புத்தகம் இது என்றுதான் எனக்குத் தோன்றியது. இது புதிய மோசடி இல்லை. 2023 ஆகஸ்டிலேயே நியூயார்க் டைம்ஸ் இதைப் பற்றி விரிவாக எழுதியது. ரிக் ஸ்டீவ்ஸ் என்ற புகழ்பெற்ற பயண எழுத்தாளரின் பெயர் மாதிரியே 'மைக் ஸ்டீவ்ஸ்' என்ற பெயரில் வரிசையாகப் புத்தகங்கள் வந்திருந்தன. அடுத்த மாதமே அமேசான், ஒருவர் ஒரு நாளில் மூன்று புதிய நூல்களுக்கு மேல் பதிப்பிக்கக் கூடாது என்று வரம்பு வைத்தது. ஒரு நாளைக்கு மூன்று! எந்த மனிதர் அப்படி எழுத முடியும்? இயந்திரம் எழுதியதா என்று பதிப்பிப்பவரிடம் கேட்கவும் ஆரம்பித்தார்கள். ஆனால் அந்தப் பதிலை வாங்குபவருக்குக் காட்டவில்லை.

அதனால் நாம்தான் பார்த்து வாங்கவேண்டும். நான் இப்போது செய்வது இதுதான்: மாதிரிப் பக்கங்களைத் திறந்து, அந்த ஊரில் சமீபத்தில் மாறிய ஒரு விஷயத்தைத் தேடுவேன். இடம் மாறிய சந்தை, ஏறிய கட்டணம், ஏதாவது ஒன்று. மாற்றத்தின் சுவடே இல்லை என்றால் மேலே படிப்பதில்லை. அப்புறம் ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு வேறு ஊரை வைத்துப் படிப்பேன். 'காலத்தை வென்ற கோயில்கள், சுவையான தெருவோர உணவுகள், அன்பான மக்கள்' என்பது கியோட்டோவுக்கும் பொருந்தும், காத்மாண்டுவுக்கும் பொருந்தும். வரைபடம் இருக்கிறதா, எந்தக் கிழமை விடுமுறை, எந்த வாசல் வழியாக வெளியேறுவது என்று இருக்கிறதா என்றும் பார்ப்பேன். ஆசிரியர் அந்தப் புத்தகங்களுக்கு வெளியே எங்காவது இருக்கிறாரா என்று தேடினால் பல சமயம் வேலை அதோடு முடிந்துவிடும். ஒரே வாரத்தில் வந்து குவிந்த ஐந்து நட்சத்திர விமர்சனங்களையும் நம்பாதீர்கள்.

ஊர் திரும்பியதும் அத்தான் கடைக்குப் புகார் அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேட்டார். இன்னும் பதில் வரவில்லை. "விமர்சனத்துல வெறும் 'மோசம்'னு போட்டா யாரும் நம்ப மாட்டாங்க மாப்ளே" என்று சொல்லி, பஸ் பாஸ், சுகிஜி, பொற்கோயில், மிசோ சூப் நான்கையும் பக்க எண்ணோடு எழுதிப் போட்டார். இப்படி ஒரு புத்தகம் உங்களிடம் இருந்தால், நீங்களும் பக்க எண்ணோடு எழுதிவிடுங்கள்.